கேட்டைச் சாத்து

கமலநாதன் இறந்துபோன செய்தி வந்தபோது லோகேஸ்வரி ஹெட்போனில் அவருடைய குரல் பதிவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கிள்ளான் மறுவாழ்வு மையத்து நர்ஸ் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: இரண்டாவது முறை பக்கவாதம், நேற்றே தகனமும் முடிந்துவிட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. செய்தியைப் படித்து முடிப்பதற்குள் பதிவில் கமலநாதன் இன்னும் நான்கு முறை பேசிவிட்டார்.

லோகேஸ்வரிக்கு அது முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டு. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களிடம் மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு சொற்கள் மூளையில் எங்கிருந்து வருகின்றன என்பது அவளுடைய ஆய்வு. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்கிற தொப்பியைத் தலையில் மாட்டிவிட்டு, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வாள். காப்பாரில் முப்பது வருஷம் லோரி ஓட்டிய கமலநாதன் எந்தப் படத்துக்கும் ஒன்றையே சொன்னார். குடையைக் காட்டினால் "கேட்டச் சாத்து." நாயைக் காட்டினால் "கேட்டச் சாத்து." முடிந்தது அங்கிள், வீட்டுக்குப் போகலாம் என்றால், சிரித்துக்கொண்டே, நன்றி சொல்கிற தொனியில், அதே "கேட்டச் சாத்து."

இப்படி ஒரே தொடர் நாக்கில் தங்கிவிடுவதுண்டு. அதற்குப் பொருள் தேடாதே என்று மேற்பார்வையாளர் டாக்டர் ரமணி முதல் வாரமே சொல்லியிருந்தார். லோகேஸ்வரியும் தேடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு முறை என்று குறித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க அவருடைய மனைவி புஷ்பவல்லி மையத்துக்கு வந்தார். பக்கவாதம் வந்த பிறகு வீட்டில் கணவர் வாயே திறந்ததில்லை, எல்லாவற்றுக்கும் கையைத்தான் காட்டுவார், உன்னிடம் மட்டும் பேசுவாராமே, என்ன பேசுவார் என்று லோகேஸ்வரியைக் கேட்டார். அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

புஷ்பவல்லி நாற்காலியின் கைப்பிடியை விடாமல் நின்றார்.

"கேட்ட நான்தாம்மா சாத்தாம விட்டேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். இருபத்தொரு வருஷத்துக்கு முன்பு, திடீரென்று மழை பிடித்த ஒரு மத்தியானம். கேட்டுக்கு வெளியே காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடியவர் கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டார். மூன்று வயது மகள் ஷாமினி வெளியே நடந்து, எதிரே நிரம்பி ஓடிய பெரிய லோங்காங் வடிகாலில் விழுந்து, தண்ணீரோடு போய்விட்டாள். கமலநாதன் அன்று ஜொகூரில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர் மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகும் ஒருநாளும் கேட்கவில்லை.

அதற்குப்பின் லோகேஸ்வரியால் பழையபடி வேலை செய்ய முடியவில்லை. கொமியூட்டர் ரயிலில் கதவு மூடும்போது அந்தக் குரல் கேட்டது. பிரிக்பீல்ட்ஸில் அவள் வாடகைக்கு இருந்த தெருவில், பட்டப்பகலில், யாரோ ஒருவர் வீட்டு கேட் திறந்து கிடப்பதைப் பார்த்தாள். தாண்டிப் போக முடியாமல் திரும்பி வந்து சாத்தினாள். மறுநாள் இரண்டு வீடுகள். மூன்றாம் நாள் ஒரு வீட்டுக்காரர் வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, கேட்டைச் சாத்திவிட்டு வேகமாக நடந்தாள்.

ஒரு சனிக்கிழமை காப்பாரில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். அந்த வார்த்தைகளுக்கு அர்த்தமில்லை, மூளை அடிபட்டபோது ஏதோ ஒன்று தங்கிவிட்டது, அவ்வளவுதான் என்று புஷ்பவல்லிக்கு விளக்கினாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. அப்ப ஏன் அது மட்டும் தங்குச்சு?"

"தெரியல ஆன்டி," என்றாள் லோகேஸ்வரி.

ஒருமுறை கேட்க முடியுமா என்றார் புஷ்பவல்லி. பதிவுகள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. டாக்டர் ரமணி நெறிமுறைக் குழுவுக்கு எழுதி அனுமதி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. ஒரு புதன்கிழமை காலை புஷ்பவல்லியை அவருடைய மகன் காரில் கொண்டுவந்து விட்டான். அவனைக் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் தனியாக மேலே வந்தார். ஹெட்போன் வேண்டாம், சத்தமாகவே போடு என்றார்.

"கேட்டச் சாத்து," என்றார் கமலநாதன்.

"சாத்திட்டேங்க," என்றார் புஷ்பவல்லி.

லோகேஸ்வரி நிறுத்தப் போனாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். நாற்பத்தாறு நிமிடம் பதிவு ஓடியது. கமலநாதன் ஒவ்வொரு முறை சொன்னபோதும் இவர் பதில் சொன்னார். முதலில் ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்து சொன்னார். போகப் போக, அடுத்த அறையில் இருக்கும் ஆளுக்குச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். முடிந்ததும் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆய்வேட்டின் அட்டவணையில் கமலநாதனின் வரிசையில் ‘பொருள்’ என்ற கட்டத்தை லோகேஸ்வரி காலியாக விட்டாள். ‘இல்லை’ என்று எழுத வேண்டிய இடம். டாக்டர் ரமணி அதைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அளவுகளைச் சரிபார்க்க அவள் அந்தப் பதிவை இன்னும் பலமுறை கேட்க வேண்டியிருந்தது. அதில் புஷ்பவல்லியின் குரல் இல்லை. ஆனாலும் அவர் பேசி முடித்த ஒவ்வொரு இடைவெளியிலும் அந்த அம்மாளின் பதில் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அது முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அவளால் அடுத்ததைக் குறிக்க முடிந்தது.