ஐம்பதை மறைத்த முகம்

1.

“அக்கா, ஸ்பீடு போர்டு மேல என் மூஞ்சி இருந்தா அது என் தப்பா?”

“உன் மூஞ்சி அங்க எப்படிப் போச்சு?”

“தம்பி கல்யாண பேனரு அக்கா. வட்டத்துல அம்பதுன்னு போட்டு ஒரு போர்டு நட்டுருக்கான் இல்ல, கரெக்டா அது மேலயே கட்டிட்டானுங்க. எனுக்கு ஒரே வாரத்துல மூணு செலான் வந்துகீது.”

இந்தக் கதை இங்கேதான் பிறந்தது. நெம்மேலியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போக, கூடுவாஞ்சேரியில் பிரிசில்லாவின் வேனில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். இருபது வருடங்களாக என் கதாநாயகர்கள் கார் ஓட்டியபடி கதாநாயகிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவனுக்கும் செலான் வந்ததில்லை. அந்தக் குறையை இன்று தீர்க்கப் பார்க்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: “வங்கக் கடலின் மேல் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி அந்த”

(வேண்டாம். காலை ஆறரைக்கு, பின்னால் பதினான்கு ஓட்டல் ஊழியர்கள் தூங்கி வழிய, வேன் ஓட்டும் பெண் பொற்கரங்களைப் பார்ப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: “சட்டத்தின் பார்வையில் பெண் என்பவள்”

(இதற்கு நானே கொட்டாவி விட்டேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். பிரிசில்லாவுக்கு முப்பத்தைந்து வயது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டலுக்குத் தினமும் ஊழியர்களைக் கொண்டுபோய் விடுகிறாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பி ஜான்சனை வளர்த்துப் படிக்கவைத்தவள் அவள்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகும்வரை தன்னைப் பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். போன மாதம் ஜான்சனுக்கு நெம்மேலிப் பெண்ணோடு கல்யாணம் ஆனது.

கல்யாணம் என்றால் பேனர் உண்டு. பெண் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் உறவினர் முகங்கள் வரிசையாகச் சிரிக்க வேண்டும். பேனரை அச்சடித்தவன் ஜெபக்குமார். கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் பேனர் கடை வைத்திருக்கிறான். பிரிசில்லா பாடும் சர்ச் பாடகர் குழுவில் அவனும் பாடுகிறான். அவனிடம் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: “நெம்மேலி திருப்பத்துல, வர்றவன் போறவன் எல்லாருக்கும் தெரியற எடமா பாத்துக் கட்டு ஜெபா.”

சாலையில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தை அரசாங்கம் ஏற்கெனவே கண்டுபிடித்து, சனிக்கிழமைதான் அங்கே புதிதாக வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குமார் அதன் மேல் பேனர் கட்டினான். சொன்ன வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவர்களை வைத்துக்கொண்டு கதை எழுதுவது சிரமம்.

அடுத்த வாரம் அந்தத் திருப்பத்தில் கேமரா பிரிசில்லாவை மூன்று முறை பிடித்தது. அறுபத்தெட்டு, எழுபத்தொன்று, அறுபத்தாறு.

“போர்டு தெரியல, சரி. அந்த எழுபத்தொண்ணு எதுக்கு?” என்று கேட்டேன்.

“பேனர்ல என் மூஞ்சி நல்லா வந்துகீதான்னு பாத்துகினே போயிட்டேன்கா.”

மூன்று செலானும் உறுதியானால் லைசென்ஸை மூன்று மாதம் முடக்குவோம் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. முடக்கினால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்வதாக ஓட்டலில் சொல்லிவிட்டார்கள். அவள் செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் போக முடிவு செய்தாள்.

3.

இங்கே ஜெபக்குமார் மேல் எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த பேனரில் மாப்பிள்ளை முகத்தைவிட அக்கா முகம் பெரிது. கல்யாணத்தன்றே ஜான்சன் கேட்டானாம்: “அண்ணாத்த, கல்யாணம் எனுக்கா, எங்க அக்காவுக்கா?”

“ஃபைல்ல சைஸ் அப்டி வந்துட்ச்சுடா” என்றானாம் ஜெபக்குமார்.

பன்னிரண்டு வருடமாக பேனர் அடிக்கிறவன் சொல்கிற பதிலா இது? வாசகரே, நீங்கள் நம்புகிறீர்களா? ஆறு வருடமாகப் பாடகர் குழுவில் அவள் பின்னால் நின்று, “எத்தினாவது பாட்டு?” என்பதைத் தவிர வேறெதையும் கேட்காதவன். என் பழைய நாவல்களில் இவனுக்குத் தோட்டக்காரன் வேடம்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.*

* பிரிசில்லாவின் மனசில் என்ன இருக்கிறது என்று நேரடியாகவே கேட்டுப் பார்த்தேன். ஹாரன் அடித்தாள். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

4.

பேனரை அவிழ்த்தாகிவிட்டது. பலகை மறைந்திருந்ததற்கு ஒரே சாட்சி ஒரு புகைப்படம். பேனரைக் கட்டிய கையோடு ஜெபக்குமார் எடுத்து, “நல்லா கீதா?” என்று அவளுக்கு அனுப்பியது. தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. வட்டப் பலகையின் சிவப்பு விளிம்பு மட்டும் ஓரமாக எட்டிப் பார்க்கிறது. ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் பிரிசில்லா சிரிக்கிறாள்.

சிவப்பு விளிம்புக்குக் கீழேயே கடையின் பெயர், ஜெபக்குமாரின் போன் நம்பர்.

சாலைப் பலகையில் பேனர் கட்டுவதும் குற்றம். படத்தைக் கொடுத்தால் அவளுடைய லைசென்ஸ் தப்பிக்கும், வழக்கு அவன் மேல் திரும்பும். கொடுக்காவிட்டால் வேலை போகும். பெயரை மட்டும் வெட்டிப் பார்த்தாள். பலகையும் சேர்ந்து போய்விட்டது. மிஞ்சியது ஒரு குடும்பப் படம்.

5.

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ) நீதிபதி படத்தைப் பார்த்துச் சிரித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிறார். (என் வாசகிகளுக்குப் பிடிக்கும். வரிசையில் இன்னும் அறுபது வழக்குகள் இருக்கும்போது எந்த நீதிபதி சிரிப்பார்?)

ஆ) ஜெபக்குமார் கோர்ட்டு நடுவில் எழுந்து, “ஐயா, குற்றவாளி நான்! காதல்தான் என்னை” (போதும். அவனுக்கு இவ்வளவு நீள வாக்கியம் வராது.)

இ) பிரிசில்லா படத்தை அழித்துவிட்டுத் தண்டனையை ஏற்கிறாள். எல்லாவற்றையும் மனசுக்குள் பூட்டிக்கொள்கிறாள். (நிறைய கதாநாயகிகளை இப்படிப் பூட்டிவைத்திருக்கிறேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.)

ஆனால் பிரிசில்லா உண்மையாகவே மூன்றாவது முடிவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். கோர்ட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படத்தை அழிக்கப் போனபோது, செங்கல்பட்டு ரயிலில் வந்து இறங்கிய ஜெபக்குமார் தோளில் ஒரு பெரிய சுருளோடு எதிரே வந்து நின்றான்.

“இன்னாது இது?”

“பேனரு. உள்ள விரிச்சிக் காட்டலாம்னு.”

“பைத்தியமா உனுக்கு? நீ கட்டுனன்னு தெரிஞ்சா கடைய இழுத்து மூடிருவாங்க.”

“தெரியட்டும். நாந்தான கட்னேன்.”

“உன் பேர நான் சொல்லமாட்டேன் ஜெபா.”

“நீ சொல்லாட்டி போ. கீழயே நம்பரோட போட்டுகீது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “மாப்பிள்ளைய வுட என்னை எதுக்குடா அவ்ளோ பெருசா போட்ட?”

“ஃபைல்ல சைஸ்...”

“கர்த்தர் பாத்துகினு கீறாரு.”

அவன் சுருளை இறக்கிவைத்தான். தரையைப் பார்த்தான். உள்ளேயிருந்து ஓர் ஊழியர், “பிரிசில்லா! பிரிசில்லா!” என்று கூப்பிட்டார்.

இந்த இடத்தில் ஜெபக்குமார் பேசுவதற்கென்று ஒரு பத்தி வைத்திருந்தேன். நான்கு நாள் இழைத்த பத்தி. அதைப் படிக்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. தீர்ப்பும் என்னிடம் இல்லை. லைசென்ஸ் தப்பியதா, கடை தப்பியதா, இந்த மனிதன் வாயைத் திறந்தானா என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் இரக்கத்தோடு எழுதுங்கள்.

என்னிடம் இருப்பது இன்னும் ஒரே பேச்சு. பிரிசில்லா எழுந்தாள். சுருளின் ஒரு முனையைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்:

“ஆறு வருசமா கேக்கணும் கேக்கணும்னு கீறேன். ஜெபா, என்னைக் கட்டிக்கிறியா?”