கொல்லைக்கு ஒரு நாய்

நெமிலிச்சேரியில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த ஞானப்பிரகாசத்துக்கு, வாசலில் எவன் நின்றாலும் சந்தேகம்தான். கொல்லைக்கு ஒரு காவல் நாய் வேண்டும் என்று மனைவி ரோஸி நச்சரித்ததால், பட்டாபிராமில் நாய் விற்கும் தேவாவை வரச் சொல்லியிருந்தார்.

வந்தவன் நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே கொல்லைக்குப் போய், பின்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் கையை வைத்து உயரம் பார்த்தான்.

"ஊட்ல எத்தினி பேரு சார்? பகல்ல யார்னா இருப்பீங்களா?"

"அது எதுக்கு உனக்கு?"

"அத்த வச்சிதான் சார் இன்னா ஜாதி நாய்னு சொல்ல முடியும். ராஜபாளையமா, கோம்பையா, டாபர்மேனான்னு."

ஞானப்பிரகாசத்துக்குச் சுருக்கென்றது. திருட வருகிறவன் கேட்கிற கேள்வியல்லவா இது! இந்த வீட்டில் ஒரு கிழவனும் கிழவியும்தான் என்று இவனிடம் போய்ச் சொல்வாரா?

"எட்டுப் பேரு. ஊடு காலியா இருக்கவே இருக்காது. என் மச்சான் போலீஸு, மாடியிலதான் இருக்கான்."

தனக்குத் திடீரென்று ஒரு தம்பி முளைத்ததைக் கேட்டு ரோஸி வாயைப் பிளந்தாள்.

தேவா சிரித்துவிட்டான். "அப்பால இன்னாத்துக்கு சார் காவல் நாயி? பசங்க வெளாட ஒரு பொமரேனியன் போதுமே!"

அவன் வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஞானப்பிரகாசம் கதவைத் தாழிட்டார்.

"பாத்தியா ரோஸி? நாய் விக்கிறவனே காவல் நாய் வேணாங்கிறான். அவன் எதுக்கு வந்தான்னு இப்பவாவது புரியுதா?"