கரண்ட் இல்லாத நாளில் நாற்பது முட்டைகள்

தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வைக்கப்போகிறார்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். பழையது அந்தச் சித்திரையில் இரண்டு முறை புகைந்துவிட்டது. மின்விசிறிகளையும் குண்டு பல்புகளையும் மட்டும் நம்பி வைத்த காலத்துப் பெட்டி அது. இப்போது வீட்டுக்கு ஒரு ஏசி. எல்லாரும் குடங்களை நிரப்பி, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றி, தூர தேசப் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் போலத் தயாரானார்கள். செந்தமிழ்ச்செல்வி மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அவள் வீட்டு மாடியில் சோலார் இருந்தது.

மாசியில் போட்டது. ஆள் உயர இரும்புக் கால்களின் மேல் ஆறு பலகைகள், வானத்தைப் பார்த்தபடி. போட்ட வாரமே அவள் புருஷன் இளவரசன் வீட்டிலிருந்த இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தியாகதுருகத்திலிருக்கும் தன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டான். வெயிலே கரண்ட் கொடுக்கும்போது பேட்டரி எதற்கு என்றான். செல்விக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கூடத்து மூலையில் அவளுடைய முட்டை பொரிக்கும் மெஷின் இருந்தது. சங்கராபுரம் சுற்றுவட்டாரத்தில் பலரும் அவளிடம் நாட்டுக்கோழி முட்டை கொடுத்துக் குஞ்சாக வாங்கிப்போவார்கள். இந்த முறை உள்ளே இருந்த நாற்பதும் அமிர்தத்துடையவை. கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்குப் புளி கொண்டுவரும் அமிர்தம், தவிடு நிரப்பிய கூடையில் அவற்றை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தவள். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து அவளுடைய கோழிகள் ஒன்று விடாமல் செத்துப்போயின. உயரமான கால்கள் கொண்ட சிவப்புக் கோழிகள். சாயங்காலமானால் பறந்துபோய்ப் பலாமரத்தில் தூங்குமாம். அந்த வம்சத்தில் மிச்சம் இந்த முட்டைகள்தான்.

பொரிக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. கரண்ட் இருக்காதாமே என்று முந்தின நாள் மலையிலிருந்து போன் செய்து கேட்டாள் அமிர்தம்.

"வெயில் இருக்கிற வரைக்கும் நமக்கு கரண்ட் இருக்கும்க்கா. நீ நிம்மதியா தூங்கு" என்றாள் செல்வி.

காலையில் மின்விசிறி நின்றது. பக்கத்து அறைக்குப் போனவர் திரும்பி வரக் காத்திருப்பது போல அது மறுபடி சுழலக் காத்திருந்தாள். சுழலவில்லை. மெஷினுக்குள்ளும் விளக்கு அணைந்திருந்தது.

இளவரசன் மாடிக்கு ஓடினான். வெயில் பலகைகளின் மேல் பளபளத்துக் கிடந்தது. சுவரிலிருந்த சோலார் பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்கு. சோலார் மாட்டிக்கொடுத்த ஆகாஷுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கத்தினான்.

"அண்ணே, அது ரிப்பேர் இல்ல" என்றான் ஆகாஷ், பொறுமையாக. "லைன்ல கரண்ட் நின்னா அதுவும் தானா நின்னுரும். இல்லன்னா உங்க வூட்டு கரண்ட் கம்பிக்குப் போயி, மேல வேல செய்யிற ஆள அடிச்சிரும். மாட்டன அன்னிக்கே சொன்னேனே."

அன்றைக்கு இளவரசன் பலகைகளோடு நின்று ஸ்டேட்டஸுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த செல்வி தெருக்கோடியைப் பார்த்தாள். கம்பத்தின் உச்சியில் லைன்மேன் மாயவன் வெறும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் கோபப்பட அவளால் முடியவில்லை.

எதிர்வீட்டு ஜெயம்மாள் விசிறிக்கொண்டே வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள். "இன்னா தம்பி, சூரியனுக்கு இன்னிக்கி லீவா?"

மெஷினைப் போர்வையால் மூடினார்கள். வெந்நீர் பாட்டில்களை உள்ளே வைத்தார்கள். ஒரு பக்கம் சுட்டது, மறுபக்கம் ஆறியது. முப்பத்தேழரை டிகிரியில் நிற்க வேண்டிய சூடு முப்பத்தாறுக்கும் கீழே வந்துவிட்டது. பொய் சொல்லிவிட்டோமே என்று செல்விக்கு உறுத்தியது. அமிர்தத்துக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னாள். மறுமுனையில் "வரேன்" என்று மட்டும் கேட்டது.

இன்னொரு போர்வை எடுக்க மாடிப்படி உச்சியிலிருந்த தகரக் கூரை அறைக்குப் போனாள். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. அந்தச் சூட்டுக்குப் பயந்துதான் ஊரே ஏசி வாங்கியது. சலித்துக்கொண்டே போர்வையை இழுத்தவள் சட்டென்று நின்றாள். கீழே ஓடிப்போய் மெஷினிலிருந்த தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் முப்பத்தேழைத் தாண்டியது.

"என்னங்க, முட்டைய மேல தூக்கியாங்க" என்று படியிலிருந்து கூப்பிட்டாள். "தட்டோட. ஆடாம."

அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்க வெயிலோடு பேரம்தான். உச்சி நெருங்கியதும் தகர அறை அடுப்பாகிவிட்டது. தட்டுகளை வெளியே பலகைகளின் நிழலுக்கு மாற்றினார்கள். சுற்றிலும் ஈரச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இளவரசன் குந்தி உட்கார்ந்து கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, செல்வி தட்டுகளை ஒரு சாண் வெயில் பக்கம் நகர்த்துவாள், ஒரு சாண் உள்ளே இழுப்பாள். கரண்ட் தராத பலகைகள் நிழல் தந்துகொண்டிருந்தன. ஓட்டுக்குள் இருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது, அவர்களுக்கு உலகம் என்பதே ஒரு இளஞ்சூடு என்று நினைத்துக்கொண்டாள்.

அமிர்தம் வந்தபோது அவள் கால் முழுக்கப் புழுதி. கூடத்தில் காலியாகக் கிடந்த மெஷினைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறி வந்திருக்க வேண்டும், முகம் செத்திருந்தது. பலகைகளின் அடியில் குனிந்து உட்கார்ந்தாள். செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அமிர்தம் கையைக் காட்டி நிறுத்தி, ஒரு முட்டையை எடுத்துக் காதோடு வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கம்பத்தடியில் யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம். அது ஓய்ந்தது.

"உள்ள தட்டுது" என்றாள் அமிர்தம்.

அந்த முட்டையைச் செல்வியின் காதில் வைத்தாள். முதலில் தன் ரத்தம் ஓடும் சத்தம்தான் செல்விக்குக் கேட்டது. பிறகு அதற்கு அப்பால், மிகச் சின்னதாக, நகத்தால் சுரண்டுவது போல ஒன்று. காலையிலிருந்து அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

"இன்னாத்துக்கு அழுவற? வுடு செல்வி. நானே பஸ்ல அழுதுக்கினுதான் வந்தேன். போதும், ரெண்டு பேரும் அழுதது."

முதல் ஓட்டில் விரிசல் விட்டது அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து. ஒரு மூக்கு, ஒரு ஈரத் தலை, பிறகு உடம்புக்குப் பொருத்தமில்லாத நீளக் கால்கள். அடுத்த தட்டில் இன்னொன்று. கீழே இளவரசன், கரண்ட் வந்துடுச்சு என்று கூவினான். எதிர்வீட்டு ஏசி உறுமியது. சுவர்ப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பொரித்த குஞ்சுகளையும் பொரிக்காத முட்டைகளையும் மூவருமாக மெஷினுக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். உள்ளே மஞ்சள் வெளிச்சம் பரவியது.

அமிர்தம் மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து டீ கேட்டாள். மகளுக்குப் போன் போட்டு, அதை மெஷினின் கண்ணாடிப் பக்கம் நீட்டினாள்.

"எத்தினின்னு இன்னும் எண்ணல" என்றாள். "கத்திக்கினே இருக்குதுங்க, கேளு."