முதலில் வந்தவள்

பஞ்சை நனைத்து அப்பாவின் மூடிய இமைகள்மேல் அவள் வைத்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே மின்விசிறி சுழலத் தொடங்கியது. திரும்பினாள். சுவிட்ச் அருகே அண்ணன். தீயணைப்பு நிலையத்தில் இரவுப் பணி முடிந்து நேரே வந்திருந்தான். அதிகாரி சீருடையில் புகை வாடை.

"ஏன் இப்படிப் புழுக்கத்துல போட்டு வச்சிருக்க?"

அவள் எழுந்து விசிறியை அணைத்தாள். "காத்து பட்டா கண்ணு காய்ஞ்சிடும்ணா."

அவன் காதில் வாங்காமல் உத்தரவிட்டுக்கொண்டே போனான். தலைக்கு எதுக்கு இவ்வளவு உயரம்? அந்தத் தலையணைய எடு. சித்தப்பா வரட்டும், மத்ததெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். எந்த வேலையைச் செய்வது என்று புரியாமல் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா கதவோரம் நின்றாள். மேசைமேல் தங்கையின் கைபேசி ஒலித்தது. அண்ணனே எடுத்தான்.

"கண் வங்கியா? உங்கள யாரு கூப்பிட்டது? வேணாம், வராதீங்க."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். இரண்டரை போய்விட்டது. படுத்துக் கிடந்த எட்டு மாதத்தில் அப்பா தனக்கென்று கேட்டது ஒன்றுதான்: 'இந்த உடம்புல ஒழுங்கா வேலை செய்யறது கண்ணு மட்டும்தான் குட்டி. வீணாக்கிடாத.'

அண்ணன் கெட்டவனில்லை. பயந்தால் கட்டளையிடுவான், அவ்வளவுதான். கத்தினால் இன்னும் கத்துவான். அழுதால், பாவம் களைத்துவிட்டாள் என்று ஓரமாக உட்காரவைத்துவிடுவான்.

"அண்ணா, அந்தக் கிடங்குத் தீ. முதல் வண்டியில போனது யாரு?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லு."

"நான்தான்."

"உனக்கப்புறம் வந்த பெரிய ஆபீசர் என்ன பண்ணாரு?"

தீயை அணைத்துவிட்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இதே அறையில் அவன் கொதித்துக்கொண்டிருந்தான். முதலில் போய்ச் சேர்ந்தவன்தான் பொறுப்பு. தண்ணீருக்கு ஒருவர், உள்ளே போகிறவர்களை எண்ண ஒருவர், வண்டிகளுக்கு ஒருவர் என்று அவன்தான் ஆள் பிரித்து நிறுத்தியிருப்பான். பின்னால் வருபவர் எவ்வளவு பெரியவரானாலும் முதலில் நிலைமையைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் பொறுப்பை வாங்கலாம். அந்தப் பெரியவர் கேட்கவில்லை. வந்ததும் வராததுமாக ஜன்னல் வழியே தண்ணீரை அடிக்கச் சொன்னார். உள்ளே தீயணைக்கப் போன மூன்று பேர் இருந்தார்கள்; சூடும் நீராவியும் அவர்கள் பக்கம் திரும்பின. நல்லவேளை, பிழைத்தார்கள்.

படுத்தபடி கேட்ட அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைரன் என்பது அவர் அவனுக்கு வைத்த பட்டப்பேர். "நீ மட்டும் யாருடா, சைரன்? இந்த வீட்டுக்குள்ள வந்ததும் எல்லார் மேலயும் தண்ணியப் பீச்சுறவன்தானே?"

அண்ணன் தொப்பியைக் கழற்றினான். அப்பாவைப் பார்த்தான். வந்ததிலிருந்து இப்போதுதான் பார்க்கிறான். பிறகு, வயர்லெஸ்ஸில் பேசுகிற குரலில் மெதுவாகக் கேட்டான்:

"என்ன நிலைமை?"

"ஆறு அஞ்சுக்கு மூச்சு நின்னுது. டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துட்டாரு. கண்ண மூடி ஈரப் பஞ்சு வச்சிருக்கேன். தலை உயரமாத்தான் இருக்கணும். சம்மதக் கையெழுத்து நான் போடுறேன். அப்பா கேட்டது இது."

அவன் தொப்பியை மேசைமேல் வைத்தான்.

"பொறுப்பு உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு என்ன வேலை?"

அவன் அவளிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

"அவங்களுக்குத் திரும்பப் போன் பண்ணு. அப்புறம் சந்து முனைல நில்லு. ரெண்டு கார் வழிய அடைச்சிட்டு நிக்குது."

"போன். அப்புறம் சந்து முனை." வாங்கிய உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனான்.

"சைரனையே வேலை வாங்கிட்டியேடி!" தையல்கார அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "சரி, எனக்கு என்ன வேலை?"

ஜன்னல் வழியே அவன் குரல் கேட்டது. யாரையோ எழுப்பிக் காரை எடுக்கவைத்தான். பிறகு, "வா, வா, இன்னும் வா, போதும்" என்று கண் வங்கி வண்டியைப் பின்னால் வரவழைத்தான்.

எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. "ரெண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும்மா," என்று நர்ஸ் அவள் கையைத் தொட்டுச் சொன்னாள். சின்னப் பெட்டியுடன் நர்ஸ் சந்தில் நடக்க, முன்னால் அண்ணன் ஸ்கூட்டர்களைக் கைகாட்டி நிறுத்தியபடியே போனான்.

திரும்பி வந்தவன் அறைக்குள் நுழைந்து சுவிட்ச் அருகே நின்றான். விரலை அதன்மேல் வைத்தான், அழுத்தவில்லை. அவளைப் பார்த்தான்.

அவள் தலையசைத்தாள்.

விசிறி மெல்லச் சுழன்றது. அப்பாவின் நெற்றியில் ஒரு நரைமயிர் எழும்பி, அசைந்து, படிந்தது.