அசையாத கோடு

தம்பி கிரேன் ஏணியில் கால் வைத்ததும் கம்பி கட்டுகிறவர்கள் பக்கமிருந்து யாரோ கோழி மாதிரி கொக்கரித்தார்கள். நேற்று வரை அவனுக்கு அங்கே கழுகு என்று பேர். பாரம் தூக்கும்போது கிரேன் சரியில்லை என்று புகார் சொன்ன பாவத்துக்கு ஒரே நாளில் கோழியாகிவிட்டான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏணியடியில் நின்ற அக்காவையும்தான் பார்க்கவில்லை.

அவனைக் கோழியாக்கியது அக்கா கொடுத்த முடிவு. அந்தக் கட்டட வேலையில் அளவுக் கருவிகள் அவள் பொறுப்பு. கிரேன் உச்சியில் சாய்வை அளக்கும் சென்சார் ஒன்றை மாட்டி, வயரைக் கீழே கன்டெய்னர் அறைவரை இழுத்து, மின்னழுத்தத்தைத் திரையில் கோடாக வரையும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தாள். திரையின் நடுவில் கோடு லேசான நடுக்கத்தோடு அப்படியே நின்றது. “பெருசா ஆட்டம் ஒண்ணும் இல்ல சார்” என்று சைட் இன்ஜினியரிடம் சொன்னாள். அதற்குப் பிறகு தம்பி வீட்டில் வாயே திறக்கவில்லை. இன்று காலை வண்டியை விட்டு இறங்கும்போதுதான் வெடித்தான்.

“ஆடுதுன்னு நான் எப்பக்கா சொன்னேன்? சாயுது. மெதுவா சாஞ்சு அப்படியே நிக்குது. உன் டப்பாவுக்கு அது தெரியலேன்னா நான் என்ன பண்ண?”

கன்டெய்னர் அறையில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பேச்சு செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. மேசையில் கிடந்த உபரி சென்சாரை எடுத்து ஸ்கோப்பில் சொருகினாள். கையால் சாய்த்தாள். கோடு கொஞ்சம் மேலே போனது. கையை அதே சாய்விலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். கோடு மட்டும் நைசாக நழுவி நடுவுக்குத் திரும்பிவிட்டது. இன்னும் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தாள். கோடு அசையவே இல்லை.

கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் திரை மூலையைப் பார்க்காமலே அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஸ்கோப்பை ஏசியில், அதாவது மாறுகிற மின்னழுத்தத்தை மட்டும் காட்டும் நிலையில் வைத்திருந்தாள். சென்சாரில் எப்போதும் இருக்கும் மின்னழுத்தம் கோட்டைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும், அதை ஒதுக்கிவிட்டுச் சின்ன நடுக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று அவளேதான் வைத்தாள். ஃபேனுக்கும் மோட்டாருக்கும் அது சரி. அரை நிமிடம் எடுத்துச் சாய்கிற ஒன்றை, அந்த நிலையில் கருவி வாசலிலேயே துடைத்துப் போட்டுவிடும்.

நிலையான மின்னழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் டிசிக்கு மாற்றினாள். கோட்டை நடுவுக்கு இழுத்து, திரையில் ஒரு கட்டத்தைக் கடக்க ஐந்து நொடி என்று வைத்து, கிரேன் வயரை மாட்டினாள். இப்போது கோடு இல்லை, ஒரு புள்ளிதான். நோயாளி நடப்பது மாதிரி நகர்ந்தது. வெளியே தம்பி கம்பிக் கட்டைத் தூக்கத் தொடங்கியிருந்தான். புள்ளி ஏறியது. ஒரு கட்டம். இரண்டு. திரை நிறைய ஒரு நிமிடம் ஆகும், அதை விரட்ட முடியாது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பாரம் இறங்கியது, புள்ளியும் இறங்கியது. பாதியில் நின்றுவிட்டது. அடுத்த பாரத்துக்கு அங்கிருந்தே ஏற ஆரம்பித்தது.

வாக்கி டாக்கியை எடுத்தாள். “டேய், பாரத்தை இறக்கு. வெச்சுட்டு கீழ வா.”

“எதுக்கு?”

“சாயுதுடா.”

யாரோ சிரித்தது கேட்டது. எல்லார் கையிலும் அதே அலைவரிசை.

“நான் பயந்தாங்கொள்ளின்னு நீதானே சொன்னே? இப்ப என்ன திடீர்ப் பாசம்? வேலை கெடக்கு, விடுக்கா.”

இன்ஜினியர் குரல் குறுக்கிட்டது. “என்னம்மா இது? நேத்து ஒண்ணும் இல்லேன்னீங்க?”

ஒரு சின்ன சந்தேகம் சார் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் மானம் தப்பும், ஆனால் அவன் இறங்க மாட்டான்.

“நேத்து நான் அளந்தது தப்பு சார். கருவி நல்லாத்தான் இருக்கு, நான் வெச்ச விதம்தான் தப்பு. அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அடியில அஸ்திவாரம் ஒரு பக்கமா இறங்குதுன்னு நினைக்கிறேன். எல்லாரையும் வெளிய அனுப்புங்க.”

கிரேன் மோட்டார் முனகியது. பாரம் தரையைத் தொட்டது. கொக்கியைக் கழற்றியதும் தம்பி அதைக் கிரேன் கோபுரத்தின் பக்கமாக இழுத்து நிறுத்தினான். சங்கு ஊதியது. ஆட்கள் கேட்டை நோக்கி ஓடினார்கள். அவன் ஏணியில் இறங்குவதை ஒரு கண்ணாலும் புள்ளியை ஒரு கண்ணாலும் பார்த்தபடி அவள் வாசலிலேயே நின்றாள்.

மூச்சு வாங்க வந்தவன் நேராகத் திரையிடம் போனான். “இதுவா?”

“இதான்.”

கொஞ்ச நேரம் பார்த்தான். “பாரம் இல்ல. நானும் இறங்கிட்டேன். அப்புறம் ஏன்க்கா ஏறுது?”

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கேட்டுக்கு வெளியே எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். யாரும் கொக்கரிக்கவில்லை. வெறும் கண்ணுக்குக் கோபுரம் நேராகத்தான் தெரிந்தது. தம்பி கையை நீட்டிக் கொக்கிக் கயிற்றைக் காட்டினான். காற்றில்லாத வெயிலில் அது தூக்குக்குண்டு நூல் மாதிரி செங்குத்தாகத் தொங்கியது. கயிற்றுக்கும் கோபுரத்துக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு வானம், மேலே ஒடுங்கி, கீழே அகன்று, இன்னும் அகன்றுகொண்டு.