விண்ணப்பத்தில் இரண்டு பேர்

பின்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜெசிதாவுக்கு இடம் கிடைத்த கடிதம் வந்து ஒன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டின்போது செபஸ்தியம்மா விசயத்தைச் சொன்னாள். நண்டுக் குழம்பைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டே, சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

“தம்பி, இவள் தனியப் போனால் ஒரு வருசந்தான் படிப்பாள். புருசனோடை போனால் முழுக்கப் படிப்பாள். ஏஜென்சிப் பொடியன் சொல்லிப்போட்டான். பெஞ்சாதி படிக்கலாமாம், புருசன் முழுநேரம் வேலை செய்யலாமாம்.”

ஜெறோம் நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தான். “புருசனுக்கு எங்கை போறது?” என்றான்.

“நீங்கள் இருக்கிறியள்தானே.”

எதிரே இருந்த ஜெசிதா தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று என்பது ஜெறோமுக்கு விளங்கியது.

அவன் செபஸ்தியம்மாவின் மூத்த மகளும் ஜெசிதாவின் அக்காவுமான ஜெனிற்றாவின் புருசன். ஜெனிற்றா பதினான்கு மாதங்களுக்கு முன் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். ஐந்தே நாள். குருநகரில் இருக்கும் இந்த வீடு அவளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. ஊர் வழக்கப்படி அவன் கலியாணத்தன்று இங்கே வந்தவன். அவள் போன பிறகு அவனைப் போ என்று யாரும் சொல்லவில்லை. அவனும் போகவில்லை. காலையில் கடற்றொழிலாளர் சங்கத்துக் கந்தோருக்குப் போவான், பின்னேரம் வருவான், போட்டதைச் சாப்பிடுவான். எதைக் கேட்டாலும் ஓம் என்பான். இதற்கும் ஓம் என்றான்.

“எழுத்து மட்டும் இப்ப வைப்பம்” என்றாள் செபஸ்தியம்மா. “கோயில் கலியாணம் பிறகு. மனம் வந்தால் பாப்பம், வராட்டில் விடுவம்.”

அந்தத் தெருவில் அது புதினமில்லை. வெளிநாட்டு அலுவலுக்காகப் பதிவுகாரரிடம் கையெழுத்து வைத்த பெண்கள் கோயிலில் தாலி கட்டும்வரை தாய் வீட்டிலேயே இருப்பார்கள். எழுத்து முடிந்தாலும் அவர்களை யாரும் புருசன் பெண்சாதி என்று சொல்வதில்லை. செபஸ்தியம்மாவுக்கு அது ஒரு கடதாசி, அவ்வளவுதான். இன்னொரு காரணமும் இருந்தது. அதையும் அவள் மறைக்கவில்லை.

“பெஞ்சாதி இல்லாத மனிசனும் கலியாணம் கட்டாத குமரும் ஒரு வீட்டிலை. சனத்துக்கு வேறை என்ன வேலை? பக்கத்து வீட்டு லூர்த்தம்மா நேற்றும் மதிலுக்கு மேலாலை எட்டிப் பாத்தவ.”

ஜெசிதா படிக்கப் போவது உணவுத் தொழில்நுட்பம். பல்கலைக்கழகம் கட்டணத்தில் பாதியைக் கழித்திருந்தது. மீதியைக் கட்டுவதற்குத் தகப்பன் சிமியோன் தன் இரண்டு வள்ளங்களில் பெரியதை எஞ்சினோடு விற்றார். விற்ற அன்று வந்து கதிரையில் இருந்தார்.

“மீன் பழுதாகாமல் வைக்கப் படிக்கிறதுக்குப் பின்லாந்துக்கோ?” என்றார். “ஐஸ் கொட்டினாக் காணுமே, பிள்ளை.”

“அங்கை கடலே ஐஸ்தான், அப்பா.”

“பிறகென்ன, அவங்களுக்குப் படிப்பே தேவையில்லை.”

முதல் வருடத்துக்குக் காசு சரி. இரண்டாம் வருடத்துக்கு மற்ற வள்ளத்தையும் விற்றால் பிழைப்பில்லை. ஜெறோம் போய் உழைத்தால்தான் அது கட்டுப்படும். அவன் போகாவிட்டால் ஜெசிதா ஒரு வருடத்தோடு திரும்ப வேண்டி வரலாம். அல்லது, தாய் இப்போதே போகவிடாமல் மறித்துவிடலாம். செபஸ்தியம்மா அப்படியும் ஒருமுறை சொல்லியிருந்தாள். அரைகுறைப் படிப்புக்கு ஏன் அந்தக் குளிரில் போய்ச் சாக வேணும் என்று.

ஆயத்தங்கள் தொடங்கின. ஜெசிதா ஒரு கொப்பியில் பட்டியல் போட்டாள். பல் அடைப்பதும் கண்ணாடி செய்வதும் அங்கே விலை கூட என்று இங்கேயே முடித்தாள். கண்ணாடி இரண்டு சோடி, ஒன்று உடைந்தால் மற்றது. குளிர்ச்சட்டை வாங்கவில்லை. கனடாவிலிருந்து வந்து போன ஒரு குடும்பம் பக்கத்துத் தெருவில் இரண்டை விட்டுப் போயிருந்தது, ஒன்று பெண்ணுக்கு, ஒன்று ஆணுக்கு. ஆண் சட்டை ஜெறோமுக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றான். வியர்த்தது. “சரியா இருக்கோ, தம்பி?” என்று செபஸ்தியம்மா கேட்டாள். ஓம் என்றான்.

எழுத்துக்கு அடுத்த திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வியாழன் ஏஜென்சிக்காரன் ஜெயசுதன் இருவரையும் வரச்சொன்னான். சேர்ந்து எடுத்த படங்கள் குறைந்தது ஆறு கொண்டுவரும்படி சொல்லியிருந்தான்.

வீட்டில் தேடினார்கள். மூன்றுதான் அகப்பட்டன.

ஏஜென்சி நகரத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஜெயசுதனுக்கு இருபத்தாறு வயதிருக்கும். கழுத்துப்பட்டி கட்டியிருந்தான், காலில் பாட்டாச் செருப்பு. படங்களை மேசையில் வரிசையாக வைத்தான். ஒன்று கலியாணப் படம், ஜெசிதா தோழியாக நிற்கிறாள். ஒன்று யாரோ பிள்ளையின் ஞானஸ்நானம். ஒன்று கடற்கரை.

“எல்லாத்திலையும் நடுவிலை ஒரு ஆள் நிக்கிறா. ஆர் இது?”

“என்ரை அக்கா” என்றாள் ஜெசிதா.

“ஓ. பிரச்சினையில்லை, எடுத்துவிடலாம். கீழை ஸ்ரூடியோவிலை ஒரு பொடியன் இருக்கிறான், ஐஞ்சு நிமிசம். உங்களை ரெண்டுபேரையும் கிட்டக் கிட்ட நகர்த்தி விடுவான். தெரியவே தெரியாது.”

ஜெசிதா மூன்று படங்களையும் எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“படத்தைப் பிறகு பாப்பம்” என்றான் ஜெயசுதன். “எழுத்துப் புதுசு எண்டபடியால் எம்பசிக்காரர் உங்களை ரெண்டுபேரையும் தனித்தனியாக் கேப்பினம். பதில் ஒண்டாயிருக்க வேணும். இப்ப நான் கேக்கிறன். முதலிலை அண்ணை. உங்கடை மனிசியை முதன்முதல் எங்கை கண்டனீங்கள்?”

“பாசையூர் அந்தோனியார் பெருநாளிலை” என்றான் ஜெறோம்.

“நல்லது. எப்பிடி?”

“ஐஸ்கிறீம் வானடியிலை. கையிலை ரெண்டு கோன். ஒண்டு உருகி முழங்கை மட்டும் வழிஞ்சிட்டுது. துடைக்க என்ரை லேஞ்சியைக் குடுத்தனான். திருப்பித் தரேல்லை. அடுத்த கிழமை போய்க் கேட்டனான்.”

“லேஞ்சியையோ?”

“ஓம். தோய்க்கப் போட்டிருக்கு எண்டாள். அதுக்கடுத்த கிழமையும் போனனான். இன்னும் காயேல்லை எண்டாள்.”

ஜெயசுதன் சிரித்துக்கொண்டே தட்டச்சுச் செய்தான். “அவவுக்கு என்ன பிடிக்காது?”

“கருவாட்டு மணம். மீன்காரற்றை வீட்டிலை பிறந்தும் அதைக் கண்டாச் சத்தி வரும். கதவு திறந்து கிடந்தால் பிடிக்காது. நான் சாப்பிடேக்கை போன் பாத்தாலும் பிடிக்காது. பறிச்சு அரிசி வாளிக்குள்ளை வைப்பாள்.”

“சண்டை பிடிச்சால் ஆர் முதல் கதைக்கிறது?”

“அவள்தான். லைற்றை நிப்பாட்டிப்போட்டுக் கதைப்பாள். வெளிச்சத்திலை விட்டுக்குடுக்க மாட்டாள்.”

கேள்விகள் இன்னும் வந்தன. ஜெறோம் ஒவ்வொன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னான். அவள் எந்தப் பக்கம் படுப்பாள், தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி, எந்தப் பேருந்தில் தலை சுற்றும். பதினான்கு மாதத்தில் அவன் ஒரே இருப்பில் இவ்வளவு பேசியதில்லை. தன் குரல் அந்தச் சின்ன அறையில் சத்தமாகக் கேட்பதைக் கவனித்து நிறுத்தினான்.

“அண்ணை பாஸ்” என்றான் ஜெயசுதன். “கனபேர் இந்த இடத்திலைதான் முழிக்கிறவை. நீங்கள் சொன்னதை நான் அச்சடிச்சுத் தாறன். தங்கச்சி அதைப் பாடமாக்கினாக் காணும்.”

அச்சியந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. ஜெசிதா அதை வாங்கி வாசித்தாள். மெதுவாக, இரண்டு தரம் வாசித்தாள்.

“எனக்குக் கருவாடு பிடிக்கும்” என்றாள்.

“அங்கை ஆருக்கும் அது தெரியாது, தங்கச்சி. பிடிக்காது எண்டு சொல்லுங்கோ. சரி, கேக்கிறன். கையிலை எத்தினை கோன்?”

“ரெண்டு.”

“வெரி குட்.”

“மற்றது எனக்கு வாங்கினது. நான் பின்னாலை மணலிலை இருந்தனான். அது வாறதுக்குள்ளை முழுக்கக் கரைஞ்சு போச்சு.”

ஜெயசுதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் பாதிதான் விளங்கியிருக்க வேண்டும். “அதை விட்டிடுங்கோ. அது தேவையில்லை” என்றான்.

ஜெசிதா தாளை மடித்தாள். “விண்ணப்பத்தை ஒரு ஆளுக்கு மாத்தேலுமோ?”

“மாத்தலாம். ஆனால் இரண்டாம் வருசக் காசு? நான் உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

“ஒரு ஆளுக்கு மாத்துங்கோ.”

“அண்ணை என்ன சொல்லுறியள்?”

ஜெறோம் மேசையைப் பார்த்தான். படங்களின் வெள்ளை முதுகு தெரிந்தது. “அவவின்ரை விண்ணப்பம்” என்றான். “அவ சொல்லுறமாதிரிச் செய்யுங்கோ.”

படியிறங்கி வந்ததும் ஜெசிதா மோட்டார் சைக்கிளில் ஏறாமல் நின்றாள்.

“அம்மா விடமாட்டா, அத்தான். நான்தான் வேண்டாமெண்டனான் எண்டு தெரிஞ்சால் பாஸ்போட்டைப் பூட்டி வைச்சிடுவா. வள்ளத்தையும் வித்தாச்சு.”

“நான் கதைக்கிறன்.”

“நீங்கள்? கறிக்கு உப்புப் போடாட்டிலும் ஓம் எண்டு தின்னுற ஆள்.”

“ஏறும்” என்றான்.

செபஸ்தியம்மா விறாந்தையில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். சிமியோன் பக்கத்தில் வலையைப் பிரித்தபடி இருந்தார். ஜெறோம் செருப்பைக் கழற்றாமலே சொன்னான்.

“மாமி, நான் எழுத மாட்டன்.”

அவள் கை நின்றது. “என்ன?”

“திங்கட்கிழமை எழுத்து வேண்டாம். விண்ணப்பத்தை அவவுக்கு மட்டும் மாத்தச் சொல்லிப்போட்டு வாறன்.”

“ஏன், என்ரை பிள்ளைக்கு என்ன குறை?”

“ஒரு குறையுமில்லை.”

“அப்ப?”

வரும் வழியில் அவன் காரணம் எதையும் ஆயத்தம் செய்திருக்கவில்லை. “எனக்கு ஏலாது” என்றான்.

“ரெண்டு கிழமைக்கு முன்னம் ஓம் எண்டு சொன்னது இந்த வாய்தானே? மேசையிலை என்ரை நண்டைத் திண்டுகொண்டு சொன்ன வாய். அப்பவே ஏலாதெண்டிருந்தால் நான் வேறை வழி பாத்திருப்பன். பதிவுகாரருக்கு என்ன சொல்லுறது? சனத்துக்கு என்ன சொல்லுறது?” அவள் நெடுநேரம் ஏசினாள். இறால் வாளிக்குள் இருந்த தண்ணீர் அவள் கைபட்டுத் தெறித்தது. ஜெறோம் நின்று கேட்டான். ஜெசிதா வாய் திறக்கப் போனபோது, உள்ளே போ என்று கண்ணால் காட்டினான். அவள் போனாள்.

“அப்ப அவளும் போகத் தேவையில்லை” என்றாள் செபஸ்தியம்மா கடைசியில். “ஒரு வருசத்துக்கு ஏன்?”

சிமியோன் வலையிலிருந்து தலையை எடுத்தார். “வித்த வள்ளம் திரும்பி வராது” என்றார். “இரண்டாம் வருசம் வரேக்கை அதைப் பாப்பம். நாளைக்குக் கடல் என்னமாதிரி இருக்குமெண்டு தெரிஞ்சே நான் இவ்வளவு காலமும் போனனான்?”

“உங்களுக்கு எல்லாம் கடல்தான்.”

“பின்னை?”

செபஸ்தியம்மா மறுபடி இறால் உடைக்கத் தொடங்கினாள். அப்படியென்றால் ஜெசிதா போவாள் என்று அர்த்தம்.

“இனி நீங்கள் இஞ்சை நிக்கேலாது, தம்பி” என்றாள், நிமிராமல். “எழுத்து நிண்டுபோச்சு எண்டால் சனம் இன்னும் கூடக் கதைக்கும்.”

“ஓம். அவ போன பிறகு நான் போறன், மாமி.”

“அவள் போன பிறகு ஏன் போறியள்?” அவளுக்குக் கோபம் மீண்டும் வந்தது. “அவள் நிக்கிற மட்டுந்தானே கதை. அவள் போகுமட்டும் உங்கடை அம்மாவோடை போய் நில்லுங்கோ. பிறகு வாங்கோ. வீடு என்ன ஓடியே போகுது? அதுவும் உங்கடை மனிசியின்ரை வீடு.”

அவனுடைய தாய் கொழும்புத்துறையில் இருந்தாள். மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். ஜெறோம் அறைக்குள் போய் நான்கு சேட்டுகளையும் சவர உபகரணத்தையும் ஒரு பையில் போட்டான். குளிர்ச்சட்டையைக் கட்டிலில் விட்டான். பக்கத்து அறையில் ஜெசிதா தொலைபேசியில் ஒரு பெண்ணோடு பேசுவது கேட்டது. அங்கே அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடும் மட்டக்களப்புப் பெண்ணாக இருக்க வேண்டும். வாடகையை மூன்றாகப் பிரித்தால் என்ன வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது செபஸ்தியம்மா கையைக் கழுவிவிட்டு நின்றாள்.

“ஞாயிற்றுக்கிழமையளிலை சாப்பிட வாங்கோ” என்றாள். “அதுக்கு ஒருதரும் ஒண்டும் சொல்லாயினம்.”

“எத்தினை மணிக்கு?” என்று ஜெறோம் கேட்டான்.