வெறும் தட்டு

செப்டம்பரில் மாமனார் இறந்துபோனதால், செவரின் வீட்டு அடுப்பில் இந்தக் கிறிஸ்துமசுக்கு எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாது. துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். மங்களூரில் அதுதான் வழக்கம். தட்டுத் தட்டாக வந்து மேசையை அடைத்துக்கொண்டது. வந்த தட்டை ஒரு நாளும் வெறுமனே திருப்பித் தராதவள் செவரின். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சன்னல்களைச் சாத்திவிட்டு, திருட்டுத்தனமாகக் கலகலா பொரிக்க ஆரம்பித்தாள்.

வாசனைக்குச் சன்னல் ஒரு தடையா? தன் தட்டை வாங்க வந்த பக்கத்து வீட்டு அப்போலின் நேரே அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"அடிப்பாவி! துக்க வீட்ல என்னடி பொரியுது?"

"சும்மா வாங்கித் தின்ன வெக்கமா இருக்குக்கா."

"மாட்டுக் கொட்டில்ல நமக்காக ஒரு பிள்ளை வந்து பொறந்துச்சே, அதுக்குப் பதிலா நீ என்னத்தடி கொடுத்தனுப்பினே, கலகலாவா? அடுப்பை அணைச்சிட்டு வாங்கிக்கப் பழகு!"

செவரின் அடுப்பை அணைத்தாள். அப்போலின் அனுப்பிய சோமாசிகளை டப்பாவில் கொட்டிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வெறும் தட்டை நீட்டினாள். பிறகு ஒரு சோமாசியைக் கடித்தாள். வாய் சும்மா இருக்குமா?

"பூரணத்துல சர்க்கரை கம்மிக்கா."

"ஓசியில வாங்கித் தின்னுட்டுக் குறை வேற சொல்றியா?" அப்போலின் சிரித்தாள். "தேறிட்டேடி!"